கோழிக்கூட்டின் கூரையில் ஒரு சட்டம்

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, என் இரண்டாவது மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் பின்வளவில் கோழிக்கூடு அடித்துக்கொண்டிருந்தார். நாலு கம்பு, கொஞ்சம் கம்பி வலை, மேலே ஒரு தகரம்.

தகரம் நல்ல கனம். பச்சைப் பூச்சு. குனிந்து பார்த்தேன். எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன.

“இது எங்க கிடந்திச்சு மகன்?”

“வேலிக்குக் குழி தோண்டக்குள்ள வந்திச்சு மாமா. பாருங்க, துரும்பளவு ஓட்டை இல்ல. மண்ணுக்குள்ள கிடந்து ஆருக்குப் பிரயோசனம்?”

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அந்தத் தகரத்தைத் தெரியும். இருபது வருஷமாகத் தினமும் அதைக் கடந்துதான் என் தையல் கடைக்குப் போனேன். அதில் இருப்பதைத் தலைகீழாக என்ன, கண்ணை மூடிக்கொண்டும் வாசிப்பேன். ‘பொதுத் திறந்த வெளி. இங்கு கட்டடம் கட்டுதல், வேலி அடைத்தல், மண் எடுத்தல், மண் கொட்டுதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.’

அந்த வெளியில்தான் என் மகளின் வீடு நிற்கிறது.

அதே வீட்டின் நடு அறையில் என் தங்கச்சி சபியா மூன்று கிழமையாகப் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருக்கிறாள். தன் இரண்டு பிள்ளைகளோடு. அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. தறி இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. ஏன் இல்லை? அதைத்தான் இந்தக் கிழமை எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதத்தான் வருகிறது எனக்கு. வாயால் சொல்ல வந்திருந்தால் இந்தப் பத்திரிகைப் பத்திக்கே தேவை இருந்திருக்காது.

எங்கள் ஊருக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கே கடல். மேற்கே வயல். நடுவில் கல்முனையிலிருந்து காரைதீவுக்குப் போகிற ரோட்டு. இந்த ஒடுக்கத்துக்குள் ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டு முற்றத்தில் விழுகிற அளவுக்கு நெருக்கம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. வாப்பாவின் வளவை இரண்டாக வெட்டி, நாலாக வெட்டி... கிணற்றடியிலும் சுவர் எழும்பிய குடும்பங்கள் உண்டு.

அப்படிப்பட்ட ஊரின் நடுவில் ஒரு பெரிய வெறும் நிலம்! தோணா வெட்டை என்று சொல்வோம். தோணா என்பது மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களிலிருந்து கடலை நோக்கி வருகிற ஓடை. அதன் கரையில் பரந்து கிடந்த வெளிதான் வெட்டை. காலையில் தறிக்காரப் பெண்கள் அங்கே பாவு நூலை நீட்டிக் கட்டிச் சீராக்குவார்கள். பகலில் வலை காயும். மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு பந்தடி. பெருநாள் தொழுகையும் அங்கேதான்.

யாரும் கட்டவில்லை. ஆனால், மகள் பிறந்த ஒவ்வொரு வாப்பாவும் அந்த வெட்டையைக் கண்ணால் ஒரு தரமாவது அளந்திருப்பார். நானும் அளந்திருக்கிறேன். எனக்கு மூன்று மகள்கள். போதாததற்குத் தையற்காரன் கண் வேறு.

அது ஏன் வெறுமனே கிடந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தத் தகரப் பலகை சொல்லுகிறது, கிடக்கிறது என்று நினைத்தோம். பலகைக்கு முன்னாலேயே தண்ணீர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மார்கழி மழையில் வயல் வெள்ளமெல்லாம் தோணாவுக்கு வரும். தோணாவின் வாயைக் கடல் மணல் மூடியிருக்கும். போக வழியில்லாத தண்ணீர் வெட்டைக்குள் ஏறி நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள்... பந்தடி கோல் கம்பத்தில் முழங்கால் உயரம் வந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆண், கையில் மண்வெட்டி. எல்லோரும் போய் மணல் திட்டை வெட்டுவோம். ஒரு முழ அகலம் வெட்டினால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அது கடலுக்குள் பாய்கிற இரைச்சல் ரோட்டுவரை கேட்கும்.

முந்தி வெட்டினால் கடல் உப்பு உள்ளே ஏறும். பிந்தி வெட்டினால் வீடுகள் போகும். எப்போது வெட்டுவது என்பதைக் கோல் கம்பம்தான் எங்களுக்குச் சொல்லியது. எங்களிடம் இருந்த வெள்ளத் தடுப்புத் திட்டம் அவ்வளவுதான். ஒரு வெறும் நிலம், இரண்டு கம்பம், கொஞ்சம் மண்வெட்டி.

ஊர்க் கூரைகளையெல்லாம் பறக்கவிட்ட சூறாவளி வந்து போன பிறகு, ‘திட்டம்’ என்று யார் சொன்னாலும் நாங்கள் தலையாட்டுகிறவர்களாகிவிட்டோம். கூரை பறந்தவனிடம் குடையைக் காட்டினாலும் கையை நீட்டுவான் அல்லவா? சில வருஷம் கழித்து எங்கள் ஊருக்கும் ஒரு திட்டம் வந்தது. தோணாவுக்குக் கொங்கிறீட் அணை. இரும்புக் கதவு வைத்த துருசு, அதாவது மதகு. நேரான வாய்க்கால். இவ்வளவையும் எங்கே கட்டுவது? வீடு இல்லாத ஒரே இடமான வெட்டையை மண் போட்டு நிரப்பித்தான். யாரையும் எழுப்பத் தேவையில்லை, நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட நிலத்தில் இருக்கிற ஒரு வசதி பாருங்கள் — அதை எடுக்க வருகிறவனுக்கும் அது அப்படியே காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கும்.

திட்டத்தை விளக்க ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காலையில் சபியா என் கடைக்கு வந்தாள். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

சபியாவின் வீடு வெட்டையின் மேற்கு மூலையில், தோணாக் கரையில், பள்ளத்தில் இருந்தது. குழித்தறி. அதாவது நிலத்தில் குழி தோண்டி, அதற்குள் கால்களை விட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. புருஷன் போன பிறகு அந்தக் குழிதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது.

“காக்கா, நீங்க கூட்டத்துக்குப் போவீங்கதானே?”

“ஓம்.”

“போய்க் கடைசி வாங்கில குந்திட்டு வாறயில்ல. ஒரு கதை கேக்கணும்.”

“என்னத்தக் கேக்கிற?”

“வெட்டைய நிரப்பினா, வெட்டைக்குள்ள நிக்கிற தண்ணி மறுகா எங்க போய் நிக்கும்? இத மட்டும் கேளுங்க. வேற ஒண்டும் கேக்க வேணாம்.”

நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

“நான் கேப்பன் காக்கா. பொம்புளயள அந்தக் கூட்டத்துக்குள்ள விட மாட்டாங்களே. அதான் உங்கள்ட்ட சொல்றன்.”

ஒரு கேள்வி. அஸர் வரைக்கும் பொத்தான் தைத்தபடி அதைச் சொல்லிப் பார்த்தேன். போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் சலாம் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேட்டபோது வராத வார்த்தை, இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர். நல்ல மனிதர். பொய் சொல்கிற முகம் இல்லை. அவர் சிங்களத்தில் சொல்ல, பக்கத்தில் ஓர் உத்தியோகத்தர் தமிழில் சொன்னார். கூட்டத் தலைவர் எங்கள் ஊர் ஹாஜியார். அவருடைய சட்டையெல்லாம் நான்தான் தைப்பேன். கழுத்தளவு, கையளவு எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் முன்னால் பேச மட்டும் வராது.

“இனி மண்வெட்டி தூக்கத் தேவையில்லை,” என்றார்கள். “கதவைத் திறந்தால் தண்ணீர் போகும். மூடினால் நிற்கும்.” சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். மார்கழி மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் வெட்டிப் பாருங்கள், நீங்களும் தட்டுவீர்கள்.

பின்வரிசையில் யாரோ ஒருவர், வெட்டையில் போட்டிருக்கிற பலகையைப் பற்றிக் கேட்டார். ஹாஜியார் சிரித்தார்.

“அது ஆக்கள் வீடு கட்டாமப் பாத்துக்கொள்றதுக்குப் போட்ட பலகை தம்பி. அரசாங்கம் அரசாங்கத்துக்கு எழுதின கடுதாசி எண்டு நெனச்சயா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்வி சிரிப்பிலேயே செத்துப்போனது.

“வேற ஆருக்கும் கேக்க இரிக்கா?”

நான் எழும்பினேன். உண்மையாகவே எழும்பினேன். எனக்குக் கீழே மர வாங்கு கிறீச்சிட்டது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“அட, நம்மட டெய்லர் காக்கா! கதைங்க, கதைங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் எதையோ நினைத்துக்கொண்டவர் போல மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“ஒண்டு சொல்ல மறந்திட்டன். வெட்டைய நிரப்பி வேலை முடிஞ்சா மிஞ்சிற நிலத்த, கொமர் வச்சிக்கிட்டு வீடில்லாம இரிக்கிற ஆக்களுக்குத் துண்டு பிரிச்சிக் குடுப்பம். அதுக்கும் எழுத்தில சம்மதம் வந்திரிக்கி.”

கொமர் என்றால் கலியாணத்துக்குக் காத்திருக்கிற பெண் பிள்ளை. அந்த மண்டபத்தில் கொமர் இல்லாத வீட்டு ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்? எத்தனை வாப்பாமார் அந்த நிமிஷத்தில் மனசுக்குள் அளவு நாடாவை விரித்திருப்பார்கள்? என் நாடாவும் விரிந்தது. என் மூத்தவளுக்கு எப்படியோ ஒப்பேற்றியிருந்தேன். இரண்டாவதுக்கு? மூன்றாவதுக்கு?

“என்ன காக்கா, கேளுங்க,” என்றார் ஹாஜியார். எஞ்சினியரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“மைக்... பின்னுக்குச் சரியாக் கேக்கல்ல,” என்றேன்.

மைக்கைச் சரிசெய்தார்கள். நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தட்டி, “நல்லாக் கேட்டாய் மச்சான்,” என்றார்.

அன்றைக்கு மாலை சபியாவிடம், “சனம் கூட, கதைக்க ஏலாமப் போச்சு,” என்று சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. “உங்களுக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றாள். கூச்சம் என்பது எவ்வளவு வசதியான நோய் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். ஆசையில் வாய் மூடினவனையும் ஊர் ‘பாவம், பேசத் தெரியாத மனுஷன்’ என்றுதான் சொல்லும். தங்கச்சிகூட.

புல்டோசர் வந்தது. கோல் கம்பங்களைத்தான் முதலில் சாய்த்தது. பலகையில் என்னென்ன செய்யக் கூடாது என்றிருந்ததோ அத்தனையும் ஒன்று விடாமல் நடந்தது. மண் எடுத்தார்கள். மண் கொட்டினார்கள். கட்டினார்கள். வேலி அடைத்தார்கள். பலகை எந்த மண்ணுக்குள் போனது என்று யாரும் பார்க்கவில்லை. பெருநாள் தொழுகை பள்ளிவாசலுக்குள் நெருக்கிக்கொண்டு நடந்தது. பாவு நீட்ட இடமில்லாத பெண்கள் ரோட்டோரத்தில் நூலைக் கட்டினார்கள். லொறி போகும்போதெல்லாம் அவிழ்த்தார்கள்.

எனக்கு ஒரு துண்டு கிடைத்தது.

இரண்டாவது மகளின் கலியாணத்தைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘ஒரு வாப்பாவின் நிம்மதி’ பற்றிப் பக்கம் நிறைய எழுதினேன். உங்களில் பலர் துஆச் செய்து கடிதம் போட்டீர்கள். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த வீடு எந்த மண்ணில் எழும்பியது என்பதை மட்டும் நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

இந்தத் தடவை மழை வந்தது.

முதல் இரண்டு மூன்று வருஷம் பெரிய மழை இல்லை. துருசு நல்லது என்று எல்லோரும் சொன்னோம். இந்த முறை வயலில் நாலு நாள் விடாமல் அடித்தது. தோணா பெருகியது. எவ்வளவு பெருகியது என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்கக் கோல் கம்பம் இல்லையே. எப்போது அறிவிப்பது என்று பள்ளிவாசலுக்கும் விளங்கவில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள், தண்ணீர் சபியாவின் வீட்டுப் பக்கம் போகிறதைக் கண்டு துருசுக்கு ஓடினார்கள். யாரும் சொல்லாமலே மண்வெட்டிகளோடு ஓடினார்கள். நானும்.

அணையின் மேல் காவற்காரர் குடையோடு நின்றார்.

“கதவைத் திறங்க தம்பி.”

“எதால திறக்கிற? சில்லு இல்லயே.”

கதவைச் சுற்றித் தூக்குவதற்குச் சக்கரம் மாதிரி ஒரு இரும்புச் சில்லு உண்டு. யாராவது களவெடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று அதைக் கழற்றிப் பெரிய அலுவலகத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். பெரிய அலுவலகம் அன்றைக்குப் பூட்டு. போயா, பௌர்ணமி லீவு.

“அப்ப மணல வெட்டுவம்,” என்றார் ஒருவர். எங்கே வெட்டுவது? எங்கள் வாப்பாமார் வெட்டிய இடத்தில் கொங்கிறீட் நின்றது. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். மண்வெட்டி துள்ளிக்கொண்டு வந்தது.

“கொங்கிறீட்ல கை வச்சா கேஸ் வரும் காக்கா. எனக்கும் சேத்து வரும்,” என்றார் காவற்காரர். அவரும் எங்கள் ஊர்தான். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர்.

நூறு பேர் மண்வெட்டியோடு நின்றோம். அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் வெள்ளம். நடுவில் பூட்டிய கதவு. ஒரு சில்லுக்காக ஆள் போய், அதிகாரியின் வீட்டைத் தேடிப் பிடித்து, அலுவலகத்தின் திறப்பை வாங்கி, ஜீப் வந்து சேர்ந்தபோது அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குள் வெட்டைக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் நிற்க இடம் தேடிக்கொண்டது. சபியாவின் வீட்டை அது முன்பே பார்த்துத்தான் வைத்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தோம். நெஞ்சளவு தண்ணீர். மண் சுவர் ஊறி உட்கார்ந்தது. தறிக்குழி எங்கே என்று தெரியவில்லை. தறியில் காலால் அழுத்துகிற கட்டைகள் மிதந்தன. பாதி நெய்த சாறன் ஒன்று தறியோடு சேர்ந்து சேற்றுக்குள் போனது.

என் மகளின் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நன்றாக உயர்த்தி நிரப்பிய மண். வாசற்படிகூட நனையவில்லை. அதனால்தான் சபியாவையும் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். வேறு எங்கே கொண்டுபோவது? பக்கத்தில் உலர்ந்த இடம் அதுதான்.

மூன்று கிழமையாகிறது. அவள் ஒரு சொல் சொல்லவில்லை. இந்த வீட்டை யார் கொடுத்தது, எப்படிக் கிடைத்தது என்றெல்லாம் அவளுக்குத் தெரியாதா? அந்தக் கூட்டத்தில் துண்டு பிரித்துத் தருவதாகச் சொன்னதும் தெரியும். நான் எழும்பி நின்றதும் தெரியுமாம். ஊர் சின்னது.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நான் தகரத்தின் முன்னால் குந்திக்கொண்டிருந்தபோது, சபியா குசினியிலிருந்து கோழிக்குத் தவிடு கொண்டு வந்தாள். மருமகன் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

“என்ன காக்கா எழுதிக் கிடக்கு?”

சபியாவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கோ அந்தப் பலகை மனப்பாடம்.

“பழைய பலகை.”

“அது தெரியிது. என்ன எழுதிக் கிடக்கு எண்டுதான் கேக்கிறன். வாசிங்க.”

வாசித்தேன். பொதுத் திறந்த வெளி என்று தொடங்கி, தடை செய்யப்பட்டுள்ளது வரைக்கும். ஒரு எழுத்து விடாமல். நாக்கு ஒட்டவில்லை. என் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

சபியா கடைசிவரை கேட்டாள். தவிட்டைத் தட்டில் கொட்டினாள். கோழிகள் ஓடி வந்தன.

“வடிவாத்தானே வாசிக்கிறீங்க,” என்றாள். “அண்டைக்கு இதயாவது வாசிச்சிருக்கலாம்.”

உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு மண்டபத்தில் வராத குரல், ஆறு கோழிகளுக்கு முன்னால் நன்றாகத்தான் வந்தது.